நான் எழுதிய பாராட்டுக் கடிதம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உம்மா உயிரோடு இருந்த காலத்தில், "ஒன்ட வாய்க்குப் போட நம்மட கடையில ஈக்கிற பூட்டு ஒன்டும் காணாதுடி" என்று சொல்லிச் சிரிப்பார். பண்டாரவளை பஸாரில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. இன்றைக்கு அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் வாயை வைத்துப் பிழைக்கிற வழியைத் தேடி ஆசிரியை ஆனேன். பல வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்துவிட்டு, இப்போது ஆசிரிய ஆலோசகர். அதாவது, எப்படிப் படிப்பிப்பது என்று மற்ற ஆசிரியர்களுக்குப் படிப்பிக்கிற வேலை. பூனாகலைப் பக்கமும் கொஸ்லந்தைப் பக்கமும் போகிற பஸ்களில் என்னைத் தெரியாத கொண்டக்டர் இல்லை.

இந்த வேலையில் எனக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமை கடைசியில் ஒரு பிள்ளையின் தலையில்தான் விடிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

கலைகளைப் பாடத்தோடு சேர்த்துப் படிப்பிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். பாட்டு, நடிப்பு, சித்திரம், தாளம், எதுவானாலும் கணக்குக்கும் சுற்றாடலுக்கும் தமிழுக்கும் உள்ளே வர வேண்டும். சொன்னதும் எனக்குப் பிடித்துவிட்டது. பண்டாரவளையில் ஒரு மண்டபம் பிடித்து, தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் முப்பது பேருக்கு ஐந்து நாள் பயிற்சி வைத்தேன். முதல் நாள் இலை பொறுக்கிச் சமச்சீர் பார்த்தோம். இரண்டாம் நாள் நீர்வட்டத்தை நடித்துக் காட்டினோம். ஐம்பது வயதான ஆசிரியர் ஒருவர் மழைமேகமாக வந்து, அழச் சொன்ன இடத்தில் உண்மையாகவே அழுதுவிட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

மூன்றாம் நாள்தான் பின்னம். தரம் நான்கில் பின்னம் என்றால் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். ஒன்றை இரண்டாக வெட்டு, நான்காக வெட்டு என்று கரும்பலகையில் வட்டம் போட்டே நாங்கள் காலத்தை ஓட்டியிருக்கிறோம். அதைத் தாளத்தில் கொண்டுவந்தால் என்ன என்று எனக்கு யோசனை. நான்கு எண்ணுவதற்குள் ஓர் அடி என்றால் அது முழுசு. இரண்டு அடி என்றால் ஒவ்வொன்றும் அரை. நான்கு அடி என்றால் ஒவ்வொன்றும் கால். காது கேட்டால் கணக்கு புரிந்துவிடும். அதற்கு நல்ல வாத்தியம் எது? தோட்டத்திலேயே இருக்கிறதே தப்பு! தோல் கட்டிய வட்டமான கொட்டு. தெரிந்த பாடசாலை அதிபர் ஒருவரிடம் சொல்லி ஒன்றை வரவழைத்தேன். கொண்டுவந்தவர் சாக்கில் சுற்றிய அதை மண்டபத்துக்குள் கொண்டுவராமல் விறாந்தையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் தூக்கிவந்து மேசையில் வைத்தேன்.

தப்பைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். சாவு வீட்டில் அடிப்பார்கள், திருவிழாவில் அடிப்பார்கள். ஒரு காலத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடவும் அடித்தார்கள். அதை அடிக்கிற குடும்பங்கள் தனி என்பதும், மற்றவர்கள் அவர்களைச் சற்றுத் தள்ளியே வைத்திருப்பார்கள் என்பதும் காதில் விழுந்ததுதான். அதற்கு முந்தின இரவு சாப்பிடும்போது தம்பிகூடச் சொன்னான். எங்களில் அக்காவை 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவோம்.

"தாத்தா, அது ஒங்களுக்கு வேணாத வேல. தோட்டத்து ஆக்கள் என்ட கடைக்கு வாராங்க, எனக்குத் தெரியும். யார் தொடலாம், யார் தொடக்கூடாதுன்டெல்லாம் ஈக்கிது."

"போடா, அதெல்லாம் லயத்து வீடுகள்ல. இவங்க டீச்சர்மார், படிச்ச ஆக்கள்" என்று அவன் வாயை அடைத்தேன். படித்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்த மடச்சி நான்.

மண்டபத்தில் யாரும் அதைத் தொடவில்லை. "வாங்க, யாராவது வந்து அடிங்க" என்றால் ஒருவர் மேல்முகட்டைப் பார்க்கிறார், ஒருவர் பேனையைத் தேடுகிறார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. "என்ன, பாம்பா இது? கடிச்சிருமா?" என்று கேலி செய்தேன். நானே குச்சியை எடுத்து அடித்தேன். பண்டாரவளைக் குளிரில் தோல் தொய்ந்து போயிருந்தது. நான் அடித்த அடிக்கு அட்டைப்பெட்டிச் சத்தம்தான் வந்தது.

இரண்டாவது வரிசையில் ஒரு இளம் ஆசிரியை. வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருக்காது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, படிப்பிப்பது பூனாகலைப் பக்கத்தில். நான் தாறுமாறாக அடிக்கும்போதெல்லாம் அவள் விரல்கள் மேசைமேல் சரியான தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. கவனித்துவிட்டேன். இந்தக் கண்ணுக்கும் ஒரு பூட்டு போட்டிருக்க வேண்டும்.

"மகள், நீங்க வாங்க."

"வேணாம் மிஸ். எனக்கு வராது மிஸ்."

"வரலன்னா பரவாயில்ல, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தேன்.

அவள் தப்பை வாங்கினாள். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்காமல், நேரே மூலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த காஸ் அடுப்புக்குப் போனாள். கேத்தலை இறக்கி வைத்துவிட்டு, நெருப்புக்கு மேலே தோலைக் காட்டி, மெல்லச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சினாள். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. சோறு கொதித்தால் மூடியைத் திறப்போமே, அப்படிக் கை தானாகச் செய்தது. காதருகே வைத்து இன்னொரு தட்டு. பிறகு ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய குச்சியுமாக அடித்தாள். முழுசு, அரை, கால், அரைக்கால் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் வந்து விழுந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்று கத்தியேவிட்டேன். "இது யார்கிட்டப் பழகினது மகள்?"

அவள் குனிந்துகொண்டாள். "வீட்ல மிஸ்."

"வீட்ல யாரு?"

"அப்பா."

நான் கைதட்டினேன். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். "பாருங்க, இவதான் ஒங்க எல்லாருக்கும் டீச்சர்" என்று வேறு சொல்லிவைத்தேன்.

எங்கள் பயிற்சிகளில் மத்தியானச் சாப்பாட்டை யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. மேசைகளைச் சேர்த்துப் போட்டு, எல்லாருடைய பெட்டியையும் திறந்து நடுவில் வைத்து, ஆளுக்கு ஆள் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை தினமும் நெத்தலிக் கருவாடு பொரித்துக்கொண்டு வருவாள். முதல் இரண்டு நாளும் அவளுடைய பெட்டிதான் முதலில் காலியானது. எனக்கே ஒரு துண்டு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் பெட்டி திறந்தபடி நடுவில் இருந்தது, ஒரு கை அதற்குள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே அதை மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பயிற்சியைப் பார்க்க வந்த அதிகாரிகளோடு நான் அடுத்த மேசையில் இருந்து அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்றைக்குக் கருவாட்டில் உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

பயிற்சி முடிந்ததும், ஆசிரியர் ஒருவர் உண்மையான வகுப்பில் படிப்பித்துக் காட்ட வேண்டும், மாகாணத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்ப்பார் என்றார்கள். நான் யாரைச் சொல்லியிருப்பேன்? அவளைத்தான். அடுத்த நாளே அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"மிஸ், பாடம் செய்றேன் மிஸ். தப்பு மட்டும் வேணாம். செரட்டையில தட்டுறேன், இல்லாட்டிப் பழைய தகர டின்னுல தட்டுறேன். புள்ளைங்களுக்கு வெளங்கும் மிஸ்."

"ஏன் மகள்? நம்மட கலைய நாமளே மறைச்சா யார் மதிப்பா?"

மெதுவாகச் சொன்னாள்: "ஒங்களுக்கு அது கலை மிஸ்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? வெட்கப்படக்கூடாது, தலை நிமிர வேண்டும், நீ ஆசிரியை என்று கால் மணித்தியாலம் பிரசங்கம் வைத்தேன். கடைசியில், "சரிங்க மிஸ்" என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு நிரந்தர நியமனம் வந்திருக்கவில்லை. ஆலோசகர் கேட்டு அவள் எப்படி மாட்டேன் என்பாள்? அது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

பாடம் நடந்த நாள் பனிமூட்டம். தேயிலை மலைக்கு நடுவில் அந்தப் பாடசாலை. நீளமான ஒரே கட்டடம், நடுவில் பலகை வைத்து வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். அவள் அடித்தாள், பிள்ளைகள் அடிக்கு அடி காலடி வைத்தார்கள். ஒரு முழு அடிக்கு நீட்டி ஒரு எட்டு வைப்பார்கள், நான்கு கால் அடிகளுக்குச் சின்னதாக நான்கு எட்டு. கணக்கென்றால் கண்ணீர் விடுகிற ஒரு சிறுமி, "டீச்சர், நாலு கால் சேந்தா ஒரு முழுசு! நடந்து பாத்தேன்!" என்று கத்தினாள். அதிகாரி கைபேசியில் படம் பிடித்துத் தள்ளினார். கலை வகுப்புக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று நான் இத்தனை நாள் வாயால் சொன்னது கண் முன்னால் நடந்தது. அதை மட்டும் இன்றைக்கும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் தப்புச் சத்தம் வகுப்போடு நிற்கவில்லை. பாடசாலைக்குக் கீழேதான் கொழுந்து நிறுக்கிற மடுவம். பெண்கள் கூடையை இறக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "யாரு? யாரு தவறினது?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி வாசலில் வந்து மூச்சு வாங்கினாள். யாரும் சாகவில்லை, பாடம் நடக்கிறது என்று அதிபர் சொன்னார். அவர்கள் போகவில்லை. ஜன்னலோரம் நின்று டீச்சருடைய கையைப் பார்த்தார்கள், குச்சியைப் பிடித்த விதத்தைப் பார்த்தார்கள். அவள் கடைசிவரை அடித்து முடித்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, கைச்சூடு ஆறுவதற்குள் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினேன். ஒரு முழுப் பக்கம். 'சிறு வயது முதல் தன் தந்தையிடம் தப்பு பயின்றவர். தோட்டத்தின் மரண வீடுகளில் ஒலித்த வாத்தியத்தைக் கணிதப் பாடத்துக்குள் கொண்டுவந்தவர்' என்று ஒரு வரி. எனக்கே அந்த வரி மிகப் பிடித்திருந்தது, இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். அவளுடைய நியமனத்துக்கு உதவட்டும் என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் கொடுத்து, அவளுடைய சொந்தக் கோப்பில் சேர்க்கச் சொன்னேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அதிபர் தொலைபேசியில் பேசினார். "மிஸ், அந்தப் புள்ள மூணு நாளா வரல. நீங்கதான் பேசிப் பாக்கணும்."

அவர் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. அவள் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பாடம் நடந்த கிழமையே அந்த வீட்டம்மா, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அறை வேண்டும் என்றிருக்கிறார். யாரும் வரவில்லை. வழியில் கண்டால், "டீச்சரம்மா, வாங்க" என்றவர்கள் பேசாமல் போனார்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள், தினமும் இரண்டு பஸ் மாறி வீட்டிலிருந்தே வந்து போனாள். பிறகு தோட்டத்தில் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். தப்புக்கு ஆள் போதவில்லை. காலையில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், பிள்ளைகள் கேட்கச் சொல்லியிருக்கிறார்:

"இந்தா புள்ள, ஒங்கப்பனுக்குப் போனைப் போட்டு வரச் சொல்லு. மத்தியானம் எடுக்கணும்."

"அவரு கெட்ட மனுசன் இல்ல மிஸ்," என்றார் அதிபர். "சாவு அவசரத்துல கேட்டுட்டாரு." அவசரம்தான். முந்தின மாதம் இதே மனிதர் தன் மகனைச் சேர்க்க வந்தபோது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசினாராம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் சேறான பாதையில் முக்கால் மணித்தியாலம் நடை. தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயம், அதில் கடைசிக் காம்பிரா வீடு. அப்பா மெலிந்த மனிதர், சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "வாங்க மிஸ், வாங்க, ஒக்காருங்க" என்று கதிரையைத் துண்டால் துடைத்தார். அவள் கதவருகே நின்றாள். சிறிது நேரத்தில் அப்பா வெளியே போய், கடையிலிருந்து ஒரு சோடாப் போத்தல் வாங்கிவந்து, மூடி திறக்காமல், என் முன்னால் வைத்தார். போத்தல் திறக்கிற கருவியையும் பக்கத்தில் வைத்தார். வீட்டுக் கிளாஸ் ஒன்றும் வைக்கவில்லை.

உள்ளே அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் புரிய அவ்வளவு நேரமா? வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் குடிக்க மாட்டார்கள் என்று தெரிந்த வீடு அது. மறுக்கிற சங்கடத்தை வந்தவருக்கே வைக்காமல், முன்கூட்டியே மூடிய போத்தல்.

"எனக்குச் சோடா வேணாம், வீட்டுத் தேத்தண்ணி தாங்க" என்றேன்.

அப்பா மகளைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "வேணாம் மிஸ். காட்டுறதுக்குன்னு குடிக்காதீங்க."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் காட்டத்தான் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு படிவத்தை எடுத்துவந்தாள். இடமாற்ற விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் 'சுகவீனம்' என்று எழுதியிருந்தாள்.

"உண்மையான காரணத்த எழுதுவோம் மகள். நான் பாத்துக்கிறேன். கேக்க வேண்டிய இடத்துல கேப்போம்."

"அப்படி எழுதுனா அது எனக்கு முன்னாலயே அடுத்த ஸ்கூலுக்குப் போயிரும் மிஸ். அங்க யாருக்கும் தெரியாது. டீச்சர்னு கூப்புடுவாங்க. அது போதும் எனக்கு."

கையொப்பம் போட்டேன். திரும்பும்போது அப்பா பஸ் நிறுத்தம்வரை குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். குடை முழுக்க என் பக்கம்தான் இருந்தது. "நீங்க மனசுல வெக்காதீங்க மிஸ். நான்தான் அவளுக்கு அதச் சொல்லிக் குடுத்திருக்கக்கூடாது" என்றார். யா அல்லாஹ், அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

அந்த இடமாற்றத்துக்காக நான் ஏறாத படி இல்லை, கெஞ்சாத ஆள் இல்லை. அடுத்த பாடசாலைத் தவணை தொடங்கும்போது கிடைத்தது. பதுளைக்கு அந்தப் பக்கம், அவளைத் தெரிந்தவர்கள் யாருமில்லாத ஒரு தோட்டப் பாடசாலை. கொஞ்சமாவது ஈடு செய்துவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் அங்கே கடமை ஏற்ற இரண்டாம் நாள், வேறு வேலையாக வலயக் காரியாலயத்துக்குப் போயிருந்தேன். கோப்புகளைப் பார்க்கிற எழுதுவினைஞர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஒங்க டீச்சர்ட ஃபைல் அந்தப் புது ஸ்கூலுக்கு அனுப்பியாச்சு மிஸ். நீங்க எழுதின கடிதத்த எல்லாத்துக்கும் மேல வெச்சு அனுப்பினேன். நல்ல கடிதம்."

அந்தக் கடிதம் என் நினைவிலேயே இல்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதபோதும் இல்லை, படி ஏறி இறங்கியபோதும் இல்லை. விறாந்தைக்கு ஓடிவந்து புதிய பாடசாலை அதிபருக்கு அழைத்தேன். கோப்பைத் திறக்காதீர்கள், மேலே இருக்கிற தாளை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். என்னைப் பேசவிட்டால்தானே!

"மிஸ்ஸா? நானே எடுக்கணும்னு இருந்தேன்! அருமையான டீச்சரத் தந்திருக்கீங்க. ஒங்க கடிதத்த இன்னைக்குக் காலைக் கூட்டத்துல மைக்ல வாசிச்சேன். புள்ளைங்க, பெத்தவங்க எல்லாம் நின்னாங்க. நம்ம திருவிழாவுக்கு அவங்க அப்பாவையும் கூப்பிடுவோம்னு சொல்லியிருக்கேன். இந்தா, டீச்சர் இங்கதான் நிக்கிறாங்க, குடுக்கிறேன்."

அவருடைய குரலில் அவ்வளவு சந்தோசம். என் குரலும் அன்றைக்கு அந்த மண்டபத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். கைபேசி கை மாறியது. பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம்.

"மகள்," என்றேன். முதல் தடவையாக இந்த வாய் பூட்டிக்கொண்டது.

"பரவாயில்ல மிஸ். நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க." பிறகு சொன்னாள்: "இனிமே என்னையப் பத்தி எதுவும் எழுதாதீங்க மிஸ்."

சரி மகள், எழுத மாட்டேன் என்று சொன்னேன். அவள் பெயரையும் தோட்டங்களின் பெயரையும் எடுத்துவிட்டேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, அந்த வாக்கையும் இதோ மீறியிருக்கிறேன்.